அலமாரிக்குப் பூட்டு வேண்டுமா?

"சார், பூட்டு வைக்கட்டுமா, வேண்டாமா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா துளை போட்டுடுவேன்."

ஆசாரி கேட்டது இவ்வளவுதான். கையில் டிரில்லிங் மிஷின் தயாராக இருந்தது. "நாளைக்குச் சொல்றேனே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு பூட்டுக்காக ஒரு நாள் வாய்தா வாங்கிய முதல் ஆசாமி நானாகத்தான் இருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் புத்தக அலமாரி தயாராகிக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்கு அடியில், ஃப்ரிட்ஜ் மேல், பரணில், மனைவியின் பட்டுப்புடவைப் பெட்டியில் என்று இத்தனை வருடம் ஒண்டுக்குடித்தனம் நடத்திய புத்தகங்களுக்கு ஒருவழியாகச் சொந்த வீடு. "ஒண்ணு அதுங்களுக்கு இடம் பண்ணுங்க, இல்லை எனக்குப் பண்ணுங்க" என்று வீட்டில் இறுதி எச்சரிக்கை வந்த பிறகுதான் இதுவும் நடக்கிறது.

நீங்களும் செய்வதாக இருந்தால் நான் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நம்மூர்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி சைஸ். ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். பத்து அங்குல ஆழம் இருந்தால் தாராளம். பெருமைக்குப் பதினைந்து அங்குலம் வைத்தால் இரண்டு வரிசை அடுக்கத் தோன்றும். பின் வரிசைக்குப் போகிற புத்தகத்துக்கு ஆயுள் தண்டனைதான். அடுத்தது பலகையின் நீளம். மூன்றடிக்குப் புத்தகம் அடுக்கினால் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. முக்கால் அங்குல பிளைவுட் இரண்டு வருடத்தில் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். இரண்டரை அடிக்கு ஒரு தடுப்பு கொடுத்துவிடுங்கள். மழைச் சாரல் படுகிற சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அடித்தட்டு தரையிலிருந்து நாலு அங்குலமாவது தூக்கி இருக்கட்டும். அந்துருண்டை நாற்றம் பிடிக்காதவர்கள் தாத்தா காலத்து வசம்பைத் துணியில் முடிந்து போடலாம்.

மற்றதெல்லாம் உங்கள் ரசனை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிநேகிதர், நெல் கொட்டிவைத்த பத்தாயத்தைப் படுக்கவைத்துக் குறுக்கே பலகை அடித்து அலமாரி ஆக்கியிருக்கிறார். ஒரு வக்கீல், இடித்த வீட்டின் ஜன்னல் சட்டத்தைக் கம்பியோடு வாங்கிவந்து கதவாகப் போட்டிருக்கிறார். புத்தகங்கள் ஜெயிலில் இருக்கிற மாதிரி தெரியும். தொழில் பாசம்! மாடிப்படிக்கு அடியில் செருப்புக்குப் பதிலாகப் புத்தகம் வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தது பழைய வீடுகளில் சுவருக்குள்ளேயே இருக்கும் மாடம். விளக்குக்காக விட்ட இடம். கரண்ட் வந்ததும் விளக்கு போய், பஞ்சாங்கமும் கந்த சஷ்டி கவசமும் தொடர்கதை பைண்டிங்கும் குடியேறின. அந்த பைண்டிங்குகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, ஊசிநூல் போட்டுத் தைத்து, மேலே காலண்டர் அட்டை ஒட்டி... 'பொன்னியின் செல்வ'னை ஐம்பதுகளில் பல வீடுகள் அப்படித்தான் சொந்தமாக்கிக்கொண்டன. அதை ஊர் முழுக்க இரவல் வாங்கிப் படித்தது. எந்த மாடத்துக்கும் பூட்டு கிடையாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சென்ற வருடம் பார்த்தேன். ஒரு கிரகப்பிரவேசம். ஹாலில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே மஞ்சள் விளக்கு. புத்தகங்களை நிறவாரியாக அடுக்கியிருந்தார்கள். சிவப்பில் ஆரம்பித்து ஊதாவில் முடிந்தது, வானவில் மாதிரி. நடுவில் பொன்னெழுத்து போட்ட கெட்டி அட்டைகள். எட்டிப் பார்த்தால் அத்தனையும் பழைய கோர்ட் தீர்ப்புத் தொகுப்புகள். வீட்டுக்காரருக்கு ஜவுளி வியாபாரம். "டெக்கரேட்டர் எத்தனை அடி வேணும்னு கேட்டார் சார், பதினாறு அடின்னு சொன்னேன்" என்றார் வெள்ளந்தியாக. புத்தகத்தை ஜாக்கெட் துணி மாதிரி அளந்து வாங்கியிருக்கிறார்!

வெளியே வந்து நன்றாகச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து என் புத்தகங்களைத் தட்டி எடுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. என்னிடம் சுமார் ஆயிரத்து இருநூறு இருக்கின்றன. படித்தவை? பாதிகூடத் தேறாது. அவர் பதினாறு அடி படிக்காமல் வைத்திருக்கிறார் என்றால் நான் நாற்பது அடி படிக்காமல் வைத்திருக்கிறேன். என்ன, நிறம் பார்த்து அடுக்கவில்லை. அவ்வளவுதானே வித்தியாசம்?

நான் பி.காம். படித்தவன். எதையும் ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசிக்கிற வியாதி உண்டு. புத்தகம் வாங்கினால் சொத்துக் கணக்கு. சரி. படித்து முடித்த பிறகு? படிக்கவே படிக்காமல் பத்து வருடம் கிடந்தால்? கடையில் இதற்கு 'டெட் ஸ்டாக்' என்று பெயர். ஒரு ஊருக்கே ஆகிற புத்தகத்தை ஒருத்தன் பூட்டிவைத்து, தானும் படிக்காமல் இருப்பது வெறும் சோம்பேறித்தனமா, அல்லது அடுத்தவனுக்குச் செய்கிற அநியாயமா? ஆசாரியிடம் வாய்தா வாங்கியது இந்தக் கேள்விக்காகத்தான்.

நூலகம் என்றதும் நினைவுக்கு வரவேண்டிய மனிதர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். 1931-ல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க இன்றும் நூலகப் படிப்பில் அதுதான் அரிச்சுவடி. முதல் விதி, புத்தகங்கள் இருப்பது உபயோகத்துக்கு என்பது. இதைச் சொல்ல ஒரு மேதை வேண்டுமா என்று தோன்றும். வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள், நம் தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைக் கட்டிவைக்கிற மாதிரி. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. ரங்கநாதன் போய்த் தொடங்கிவைத்தார். அலமாரியை வீட்டில் நிறுத்தாமல் சக்கரம் வைத்து ஊர் ஊராக ஓட்டினார்கள். இதைவிட அழகான அலமாரியை எந்த இன்டீரியர்காரர் செய்துவிடுவார்?

அப்படியானால் பூட்டு தப்பு, முடிந்தது விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். வீடு நிறையப் புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் என்று சேர்த்தார். பிறர் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் இங்கேயே வைத்தது. 1994-ல் உருவான அந்த ஆராய்ச்சி நூலகம் இன்றும் சென்னையில் இருக்கிறது. முத்தையா தாராள மனசோடு வந்தவருக்கெல்லாம் இரவல் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால்? நாடக நோட்டீஸில் பஜ்ஜி மடித்திருப்பார்கள்.

இன்னும் பின்னால் போனால் உ.வே.சா. 1887-ல் சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று அவர் அச்சில் கொண்டுவந்தவை எல்லாம் எங்கே கிடைத்தன? யார் யாரோ வீட்டுப் பரணிலும் மடத்து மூலையிலும். பல வீடுகளில் அந்த ஏட்டை வாசிக்கத் தெரிந்தவர் போய்ப் பல தலைமுறை ஆகியிருக்கும். படிக்கவில்லை. ஆனால் எறியவும் இல்லை. அந்த அசட்டு மரியாதையில்தான் பாதித் தமிழ் பிழைத்தது. எறிந்தவர்களும் இருந்தார்கள். ஆற்றில் விட்ட ஏடுகளைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் தூக்கம் வராது.

ஊர் பொதுவில் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தாலும் ஆபத்து வரத்தான் வருகிறது. யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது போனவை சுமார் 97,000 நூல்கள். வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் அதில் இருந்தன. யாராவது ஒரு கருமி வீட்டுப் பெட்டியில் ஒரு பிரதி பூட்டி வைத்திருந்தால் அந்தக் கருமிக்குச் சிலை வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் ஏதோ பொது விஷயம் மாதிரி சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் எனக்குச் சொந்தமாக ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயமில்லை.

கல்லூரியில் எனக்கு அக்கவுன்டன்ஸி நடத்திய வாத்தியார் ஒருவர். வரவு செலவைத் தவிர வேறு பேச்சே தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் நோட்டு வாங்க வீட்டுக்குப் போனால் முன்னறை முழுக்க நாவல்கள். ஒன்றை உருவிக் கையில் கொடுத்தார். மாஸ்கோவில் அச்சடித்து இங்கே சல்லிசாக விற்ற ருஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு. கெட்டி அட்டை. முதல் பக்கத்தில் அவர் பெயர், வாங்கிய தேதி, விலை. "படிச்சிட்டுக் குடுடா" என்றார். படித்தேன். கொடுக்கவில்லை. முதலில் மறதி. அப்புறம் வேலை, ஊர் மாற்றம். அப்புறம், இத்தனை வருடம் கழித்து எந்த முகத்தோடு போய்க் கொடுப்பது என்கிற கூச்சம். கடன் வாங்கியவனுக்கு எல்லாம் இந்த மூன்று படிதான்.

வாத்தியார் இறந்த செய்தி தாமதமாகத்தான் தெரிந்தது. போனேன். முன்னறை காலியாக இருந்தது. "எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டோம்ப்பா. வீடு சின்னதாப் பாத்துப் போறேன், எங்கே வெச்சுக்கறது?" என்றார் அவர் மனைவி. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எத்தனை வருடம் அந்த அம்மாள் அந்த அறையைத் தூசி தட்டியிருப்பார். பூனாவில் இருக்கும் பையனுக்கு போன் போட்டு, "அப்பாவோட ஒரு புத்தகம் எங்கிட்ட இருக்கு" என்றேன். "நீங்களே வெச்சுக்கங்க அங்கிள்" என்றான்.

கணக்குப்படி கடன் ரத்து. எனக்குத்தான் ரத்தாகவில்லை. யோசித்துப் பாருங்கள். வாத்தியாரின் அத்தனை புத்தகங்களிலும் இன்று மிஞ்சியிருப்பது எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று, நான் திருப்பித் தராமல் ஏமாற்றியது. ஒழுங்காகத் திருப்பித் தந்திருந்தால் அதுவும் எடைத்தட்டில் ஏறியிருக்கும். என் தப்புதான் அதைக் காப்பாற்றியது. இதைப் புண்ணியக் கணக்கில் எழுதுவதா, பாவக் கணக்கில் எழுதுவதா? என் வாத்தியார் இருந்தால் கேட்டிருப்பேன்.

இந்தக் குழப்பத்தோடுதான் சுண்ணாம்புக்குளம் போனேன்.

கும்மிடிப்பூண்டி தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைப்பக்கம் வரும் ஊர். ஆந்திரா கூப்பிடு தூரம். டீக்கடையில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். ஏரி இருக்கிறதே, கடலும் இல்லை, குளமும் இல்லை. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. சீசனில் பூநாரைகள் வந்து நிற்கும். நான் போனது அவற்றைப் பற்றி எழுதத்தான். பறவை ஒன்றும் கண்ணில் படவில்லை. வெயில்தான் பட்டது. தண்ணீர் கேட்க ஒரு வீட்டு வாசலில் நின்றேன்.

உள்ளே, சுவரில், என் தலைக்கு மேல் ஒரு புத்தக அலமாரி.

அப்படி ஒன்றை நீங்கள் எந்தப் பத்திரிகைப் படத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள். தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. மூன்று பலகைகள். எதுவும் நேராக இல்லை, லேசாக வில் மாதிரி வளைந்திருக்கிறது. பழைய படகின் பக்கப் பலகைகள். கிட்டே போனால் மீன் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. இரும்பு ஆணி கிடையாது. உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? பலகையில் துளை போட்டு நைலான் கயிற்றில் கோத்து, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். சின்னப் புத்தகங்கள் பனையோலைப் பெட்டிகளில். பழவேற்காட்டில் பெண்கள் பின்னுவார்களே, அந்தப் பெட்டி. ஒரு காலத்தில் ஓலையே புத்தகமாக இருந்தது. இப்போது புத்தகத்துக்கு வீடாகியிருக்கிறது.

வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஏரியின் தெற்குப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்து, ஆயுசு பூராவும் தொழில் செய்து, இப்போது இங்கே மகள் வீட்டோடு இருக்கிறார். "எதுக்குங்கய்யா இவ்ளோ உயரத்துல?" என்றேன்.

"தண்ணி வருமே சார்" என்றார். "புயல் மழைன்னா வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் வந்துடும். ஆளு ஏந்து போலாம். புக்கு ஏந்து போவுமா?"

புத்தகம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டேன். பாதி வாங்கியது, பாதி ஊரில் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் கொண்டுவந்து போட்டது. சரித்திர நாவல், ராஜேஷ்குமார், பத்தாம் வகுப்பு கைடு, ஒரு பழைய பைபிள், ஜோதிடம். ரகம் பிரிக்கவில்லை. பக்கத்தில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கியது. தேதி, பெயர், புத்தகம். யார் எடுத்தாலும் பதினைந்து நாள்.

"அது அவங்கவங்க பாடு சார்" என்றார்.

இந்த வார்த்தையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் நன்றாகப் படுகிற இடம் எல்லோருக்கும் வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது, மண்டைதான் உடையும். அதனால் இடத்தைப் பங்கு பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு அந்த இடம் உன் பாடு. நாளைக்கு என் பாடு. இடம் யாருக்கும் சொந்தமில்லை, முறைதான் சொந்தம். நான் மூன்று வருடம் படித்த வணிகவியலில் சொத்து, பங்கு, குத்தகை எல்லாம் வந்தது. இது வரவில்லை.

எனக்கு ஒரே குஷி. அலமாரிப் பிரச்னை தீர்ந்தது, புத்தகமும் பாடுதான் என்று அங்கேயே தலைப்பு எழுதிவிட்டேன் மனசுக்குள். பெரியவர் அதைக் கலைத்துவிட்டார்.

"பாடுன்னா எல்லாருக்கும் கெடையாது சார். பேரு இருக்கறவனுக்குத்தான்."

உண்மைதான். பாடு, அந்தந்தக் குப்பத்து மீனவர் சமூகத்தின் பட்டியலில் இருக்கிற குடும்பங்களுக்குத்தான். அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அதில் பெயரில்லை. நியாயமாகப் பங்கு பிரிக்கிற எந்த ஏற்பாட்டிலும், பங்கு கேட்க யாருக்கு உரிமை என்கிற இடத்தில்தான் அநியாயம் உட்கார்ந்திருக்கிறது. நம்மையே பாருங்கள். நாம் இரவல் கொடுப்பது யாருக்கு? நம்மைப் போல் அலமாரி வைத்திருக்கிறவருக்கு. வீட்டு வேலை செய்யும் அம்மாவின் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். என் அலமாரி வழியாகத் தினமும் துடைப்பத்தோடு போகிறார் அவள் அம்மா. ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

நோட்டைப் புரட்டினேன். சில பெயர்களைக் காட்டி, "இது ஏரிக்கரை இருளர் வூட்டுப் பசங்க" என்றார் பெரியவர். "ஏரில இல்லாட்டி இன்னா, இதுல இருக்கட்டும்னு எழுதிக்கினேன்." பெரிய காரியம் செய்துவிட்ட தொனியெல்லாம் இல்லை. "திரும்பி வராம போறது இல்லையா?" என்றேன். "போவும். வலை கட்டுனா கிழியாமயா இருக்கும்?"

வாத்தியார் புத்தகத்தைப் பற்றி ஏனோ அவரிடம் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் இதெல்லாம் சுலபமாக வருகிறது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றார். "உங்க பாடு ரொம்ப நீண்டுபோச்சு சார்" என்றார்.

அடுத்த வாரம் பூநாரை சாக்கில் திரும்பவும் போனேன், பையில் அந்த நாவலோடு. கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் அந்தக் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். இங்கே உப்புக் காற்று. புயல் வரும். சென்னையில் என் பிளைவுட் அலமாரியில் இன்னும் ஐம்பது வருடம் பத்திரமாக இருந்திருக்கும். ரோஜா முத்தையா என்றால் கொடுத்திருக்க மாட்டார், அவர் செய்தது சரியும்கூட. ஆனால் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது உலகத்தில் ஒரே ஒரு பிரதி இல்லை. என் வாத்தியார் 'படிச்சிட்டுக் குடுடா' என்று சொன்ன புத்தகம்.

பெரியவர் நோட்டைப் பிரித்துப் பேனாவை என்னிடமே நீட்டினார். 'கொடுத்தவர்' என்கிற இடத்தில் வாத்தியார் பெயரை எழுதினேன். "நீங்க ஒண்ணு எடுத்துக்கினு போங்க, சும்மா போவக்கூடாது" என்றார். ஒரு பழைய சரித்திர நாவல் எடுத்தேன், மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகம் யாரிடமோ இருக்கிறதாம்.

ஆசாரி மறுபடி வந்தார். பூட்டு வேண்டாம் என்றேன். மேல் தட்டில் தாத்தாவின் கைக்கணக்கு நோட்டுகளும் இரண்டு பழைய மலர்களும் இருக்கின்றன, அந்த ஒரு தட்டுக்கு மட்டும் சின்னதாக ஒன்று போடச் சொன்னேன். "இதுக்கா சார் மூணு வாரம்?" என்றார்.

வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் கேட்டேன். அவர் பெண்ணுக்குக் கதைப் புத்தகம் வேண்டாமாம், அறிவியல் கைடு இருக்கிறதா என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். என்னிடம் இல்லை. சுண்ணாம்புக்குளத்தில் ஒன்று பார்த்த ஞாபகம். சனிக்கிழமை போகலாமென்று இருக்கிறேன். எப்படியும் மூன்றாம் பாகத்துக்கு இன்றோடு பதிமூன்று நாள் ஆகிறது, எண்பது பக்கம் பாக்கி.